தோல் ஒட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்கே வந்து கட்டு மாற்றுகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை: 23,500 ரூபாய் போச்சு, ஆறிய புண்ணும் கெட்டது

கை நடுங்க எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று சாயங்காலம் "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று, வீட்டுக்குக் கட்டு மாற்ற நர்ஸ் அனுப்பும் ஆப்பிலிருந்து ஒரு வரி வந்தது. யாரைக் கேட்டு முடித்தார்கள்? அப்பாவின் தொடையில் இன்னும் ரத்தம் கசிகிறது, எங்கள் 23,500 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை.

அப்பாவுக்கு 67 வயது. காலையில் பால் வாங்கப் போனவரை ஒரு பைக் இடித்துவிட்டுப் போய்விட்டது. எலும்பு தப்பித்தது, ஆனால் கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து போனது. அவ்வளவு பெரிய புண் தானாக மூட ரொம்ப நாளாகும் என்று சொல்லி, புண் சுத்தமாகிச் சிவந்து வரும்வரை காத்திருந்து, வலது தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி எடுத்து அங்கே ஒட்டினார்கள். ஒட்டிய தோலுக்கு முதல் இரண்டு நாள் சொந்த ரத்த ஓட்டமே கிடையாதாம், கீழே புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்குமாம், அப்புறம்தான் மெல்ல மெல்ல ரத்தக் குழாய்கள் வந்து சேருமாம். அதற்குள் தோல் கொஞ்சம் நகர்ந்தாலும், அடியில் ரத்தம் கட்டினாலும், சீழ் வைத்தாலும் ஒட்டு பிடிக்காது என்று டாக்டர் சொன்னதால் அப்பாவைக் காலை அசைக்கவே விடவில்லை. ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது அந்தத் தோல் இளஞ்சிவப்பாக, குழந்தையின் உதடு மாதிரி இருந்தது. "நன்றாகப் பிடித்துவிட்டது" என்று டாக்டர் சொன்னதும் அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது இரண்டு விஷயம் சொன்னார்கள். காலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். தோல் எடுத்த தொடையில் மட்டும் கட்டைத் தொடவே கூடாது, இரண்டு வாரத்தில் உள்ளே புதுத்தோல் வந்ததும் புண்ணோடு ஒட்டியிருக்கும் வாஸ்லின் வலை (வாஸ்லின் தடவிய வலைத்துணி) தானாகக் கழன்று வரும், ஓரத்தில் தூக்கிக்கொண்டால் அதை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள் என்றார்கள். மேல் தோலை மட்டும் சீவுவதால் உள்ளே மிச்சமிருக்கும் மயிர்க்கால்களிலிருந்து தோல் மறுபடி வளருமாம். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகமாக வலிக்கும் என்றும் முன்பே எச்சரித்தார்கள், அப்படித்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காரில் கூட்டிப்போக முடியாது என்றுதான் வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். பத்து முறை கட்டு மாற்ற 14,500 ரூபாய், முன்பணமாக முழுதும் கட்ட வேண்டும். கட்டினேன்.

முதல் நாள் வந்தவரைப் பார்த்து நான் ஏமாந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சோப்பு கேட்டு முழங்கை வரை கை கழுவினார். "அப்பா, வலிச்சா உடனே சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, ஒட்டியிருந்த காஸ் மேல் சலைன் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்து, பூப்போல எடுத்தார். அப்பாவே சிரித்தார். போகும்போது, "இவங்களுக்கு வெள்ளி கலந்த வெளிநாட்டு ஷீட் போட்டா சீழே பிடிக்காது, சீக்கிரம் ஆறிடும், கம்பெனியிலேயே வாங்கித் தருவாங்க, ஒன்பதாயிரம்" என்றார். அவ்வளவு பக்குவமாகக் கட்டு போட்டவர் தப்பாகவா சொல்வார் என்று அந்த நிமிடமே 9,000 அனுப்பினேன். டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மொத்தம் 23,500.

இரண்டாம் முறை வேறொரு பையன் வந்தான். கை கழுவச் சொன்னதற்கு "கிளவுஸ் இருக்கு மேடம்" என்றான். அந்தக் கிளவுஸோடு போன் பேசினான், அதே கையோடு கட்டைப் பிரித்தான். காலில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினான், நுரை பொங்கியது, "கிருமி சாகுது" என்றான். அப்புறம் தொடைப் பக்கம் போனான். நான் "அதைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், "பழைய கட்டு இருந்தா உள்ளே சீழ் பிடிக்கும்" என்று காய்ந்து ஒட்டிக்கிடந்த வலையை ஒரே இழுப்பில் உரித்துவிட்டான். அப்பா போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு அண்ணன் ஓடி வந்தார். வலையோடு புதுத்தோலும் வந்துவிட்டது, தொடை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ரத்தம், பாய் நனைந்துவிட்டது.

அந்த வெள்ளி ஷீட் பாக்கெட்டை அவன் போன பிறகுதான் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். காலாவதித் தேதி மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், தேதி முடிந்து ஏழு மாதம்.

போன் போட்டேன். முதலில் "48 மணி நேரத்தில் அழைப்பார்கள்". அழைக்கவில்லை. அடுத்து பேசிய பெண், அந்தப் பையன் எங்கள் ஊழியர் இல்லை, வெளி ஏஜென்சி ஆள் என்றார். மூன்றாவது ஆள், பேக்கேஜ் தொடங்கிவிட்டதால் பணம் திரும்பக் கிடையாது, மீதி எட்டு முறை பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். உரித்துப் போட்ட அதே கையிடம் அப்பாவை மறுபடி எப்படிக் கொடுப்பது? புகைப்படம் அனுப்பினேன், பாக்கெட் படமும் அனுப்பினேன். அடுத்த முறைக்கு 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. 23,500 ரூபாய்க்கு 500 ரூபாய்க் கூப்பன்.

டாக்டர் பார்த்துவிட்டு, காலில் ஓரமாக ஒரு ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒட்டு போய்விட்டது, மறுபடி ஆபரேஷன் வேண்டாம், கட்டிலேயே ஆறிவிடும் என்றார். தொடைதான் இன்னும் மூன்று வாரம் இழுக்குமாம். பிடித்துவிட்ட ஒட்டுக்கு அந்த வெள்ளி ஷீட் தேவையே இல்லையாம், வாஸ்லின் வலையும் காஸும் கிரேப் பேண்டேஜும் போதுமாம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: தோல் எடுத்த இடத்துக் கட்டை யாரையும் பிடித்து இழுக்க விடாதீர்கள். ஒட்டிக்கொண்ட காஸைச் சலைனில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். டாக்டர் சீட்டில் இல்லாத எதையும் புண் மேல் போட விடாதீர்கள், பாக்கெட்டை நீங்களே வாங்கித் தேதி பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். கெட்ட வாடை, காய்ச்சல், ஒட்டிய தோல் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் காலையில் புகார் பதிந்துவிட்டேன். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எதிர்வீட்டு அண்ணன் காரில்தான் நாற்பது கிலோமீட்டர் போய் வருகிறோம். நாளைக்கும் போக வேண்டும். கட்டு என்ற வார்த்தையைக் கேட்டாலே அப்பா பாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.