எச்சரிக்கை: பழைய சின்தசைசரின் ஒலிகளைப் பிறர் கையில் ஒப்படைக்கும் முன்

ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, இருபது ஆண்டுகளாக நானே உருவாக்கி வைத்திருந்த 32 ஒலிகளை அழித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கருவிகள் திரும்பி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றியவரின் பெயரை எழுதப்போவதில்லை. பழைய மின்னணு இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பதாகவும், அவற்றில் உள்ள ஒலிகளைப் புதிய கருவிக்கு மாற்றித் தருவதாகவும் இணையத்தில் விளம்பரம் செய்துகொள்ளும் ஒரு தனிநபர் சேவை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது யமஹா டிஎக்ஸ்7 என்ற சின்தசைசர், அதாவது ஒலிகளை நாமே உருவாக்கி வாசிக்கும் மின்னணு விசைப்பலகை; 1983இல் வெளிவந்த முதல் வடிவம். உள்நினைவகத்தில் 32 ஒலிகள், செருகும் கார்ட்ரிட்ஜில் இன்னொரு 32. அத்தனையும் ஆறு ஆபரேட்டர்களின் (ஒலியை உண்டாக்கும் அடிப்படை அலகுகள்) எண்களைச் சின்னஞ்சிறு திரையில் ஒவ்வொன்றாக மாற்றி, கேட்டு, மறுபடி மாற்றி நான் செய்தவை. உள்நினைவகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஒரு சிறிய பேட்டரி; அது தீர்ந்துபோகும் நாளில் ஒலிகளும் போய்விடும். அந்த அச்சத்தில்தான் அதே நிறுவனத்தின் புதிய சின்தசைசரான மோடிஎக்ஸ் ஒன்றை வாங்கினேன், அந்த அச்சத்தில்தான் இவரிடமும் போனேன்.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மனிதர் விஷயம் தெரியாதவர் அல்லர். முதல் அழைப்பிலேயே, “சார், உங்கள் ஒலிகளில் மாடுலேஷன் சக்கரத்தை நம்பியிருப்பவை எத்தனை?” என்று கேட்டார். முதல் டிஎக்ஸ்7இல், வாசிக்கும்போதே ஒலியை அசைக்கும் அந்தச் சக்கரத்தின் அளவு, போர்ட்டமென்டோ (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது) போன்றவை ஒலியோடு சேர்ந்து பதிவாவதில்லை என்பதும், எனவே புதிய கருவியில் அவற்றைக் கையால்தான் அமைக்க வேண்டும் என்பதும் அந்தக் கருவியோடு பழகியவருக்கே தெரியும். அடுத்து, பழைய விசைப்பலகை எவ்வளவு ஓங்கி அடித்தாலும், அடிக்கும் வேகத்தைக் குறிக்கும் எண்ணை அதன் உச்சமான 127 வரை அனுப்பாது, ஆகவே அதே ஒலி புதிய கருவியில் கூடுதலாகக் கூர்மை தட்டும், அதை ஒவ்வொன்றாகத் தணித்துத் தருகிறேன் என்றார். இருபது ஆண்டுகளில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. ஒரு மாதச் சம்பளம் கேட்டார். முழுத்தொகையும் முன்பணமாக வேண்டும் என்றார். அன்று மாலையே அனுப்பிவிட்டேன். சரிபார்ப்பதற்கு ஒலிகளின் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றும் கேட்டதால், 64 பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு கருவிகளோடும் கார்ட்ரிட்ஜோடும் சேர்த்துக் கொடுத்தேன்.

பதினொரு நாள் கழித்து எல்லாம் திரும்பி வந்தன. மோடிஎக்ஸின் திரையில் என் 64 பெயர்களும் வரிசையாக நின்றன. ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, அதைப் பார்த்தவுடன் அவருக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டேன். பிறகுதான் விசையைத் தொட்டேன். வந்த ஒலி நான் செய்தது அன்று. அடுத்ததும் அன்று. என் காதைத்தான் முதலில் சந்தேகித்தேன். ஆனால் ‘கூரைமேல் மழை’ என்ற ஒலிக்கு வந்தபோது சந்தேகம் தீர்ந்தது. டிஎக்ஸ்7இல் ஓர் ஒலியின் பெயருக்கு 10 எழுத்துக்கு மேல் இடமே கிடையாது. அதனால் கருவியில் அதை ஆங்கில எழுத்துகளில் ‘கூர் மழை’ என்று சுருக்கி வைத்திருந்தேன், தாளில் மட்டும் முழுப்பெயரை எழுதியிருந்தேன். மோடிஎக்ஸில் முழுப்பெயர் இருந்தது. அதாவது பழைய கருவியிலிருந்து ஒரு பைட்கூட வரவில்லை. ஏதோ ஆயத்த ஒலிகளின் மேல் என் தாளைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சு செய்திருக்கிறார்.

பழைய கருவியை இயக்கினேன். என் முதல் ஒலி இருக்க வேண்டிய இடத்தில் ‘பிராஸ் 1’ என்று வந்தது. தொழிற்சாலைத் தொகுப்பின் முதல் ஒலி அது. மீதி 31 இடங்களிலும் அதே தொகுப்பு. முதல் டிஎக்ஸ்7 கணினியிலிருந்து கேட்டால் ஒலிகளை அனுப்பாது, அதன் பலகையிலிருந்தேதான் அனுப்பச் சொல்ல வேண்டும். கேட்டுப் பார்த்துப் பதில் வராமல், இணைப்பைச் சோதிக்க எதையோ எதிர்த்திசையில் அனுப்பியிருப்பார் என்பது என் ஊகம். ஆனால் தற்செயலாக நடந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நினைவகக் காப்பு தானாகவே பூட்டிக்கொள்ளும் கருவி அது. அந்தப் பூட்டை அவர் கையால்தான் திறந்திருக்க வேண்டும்.

அன்று இரவே அழைத்தேன். பேட்டரி ஏற்கெனவே தீர்ந்திருந்தது என்றார். பேட்டரி தீர்ந்தால் தொழிற்சாலைத் தொகுப்பு எப்படித் தானாக வந்து உட்காரும் என்று கேட்டதற்கு, புதியதில் 8 ஆபரேட்டரும் அவற்றை இணைக்கும் முறைகளான அல்காரிதம் 88உம் இருப்பதால் ஒலி சற்று மாறித்தான் கேட்கும் என்று பேச்சைத் திருப்பினார். மாறிக் கேட்பது வேறு, மணியோசை இருந்த இடத்தில் பித்தளைக் குழல் ஊதுவது வேறு. மறுநாள், நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதற்கடுத்த நாள் பயணத்தில் இருந்தார். கடைசியாக, நீங்கள் கொடுத்த பணம் உழைப்புக்கான கூலி, விளைவுக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதிவிட்டு என் எண்ணை முடக்கிவிட்டார். ஒரு மாதச் சம்பளம், 64 பெயர்களைத் தட்டச்சு செய்த உழைப்புக்கு.

தாங்க முடியாதது இதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதுதான். 32 ஒலிகளின் முழுத் தொகுப்பு மொத்தமே 4104 பைட். கருவியையும் கணினியையும் இணைக்கும் மிடி வடத்தில் நொடிக்கு 31,250 பிட் ஓடுகிறது, ஒரு பைட்டுக்கு 10 பிட் என்று வைத்தால் ஒன்றே கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். அந்தக் கோப்பை மோடிஎக்ஸ் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்ற, தயாரிப்பு நிறுவனமே இணையத்தில் இலவசமாக ஒரு மாற்றியை வைத்திருக்கிறது. கார்ட்ரிட்ஜின் காப்புப் பொத்தானை நான் எப்போதோ தள்ளி வைத்திருந்ததால் அதிலிருந்த 32 பிழைத்தன. அவற்றை உள்நினைவகத்துக்கு ஏற்றி (அழிய அங்கே இனி எதுவும் இல்லையே), நேற்று மாலை நானே அனுப்பி, மாற்றி, மோடிஎக்ஸில் ஏற்றி முடித்தேன். சக்கரங்களைச் சரிசெய்தது உட்பட ஒரு மாலைப்பொழுது. அவர் எச்சரித்த அந்தக் கூர்மையும் உண்மைதான், மெதுவாகத் தணித்துக்கொண்டிருக்கிறேன்.

படிப்படியாக வழிமுறை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கருவியை யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும், பேட்டரி மாற்றுவதற்காக இருந்தாலும், ஒலிகளை முதலில் நீங்களே கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு சரியாக 4104 பைட் இருக்கிறதா என்று பாருங்கள், மலிவான மிடி இணைப்பிகள் சில நடுவில் பைட்டுகளை விழுங்கிவிடும். அந்தக் கோப்பை, டிஎக்ஸ்7இன் ஒலியைக் கணினியில் எழுப்பும் டெக்ஸ்ட் (Dexed) போன்ற இலவச மென்பொருளில் திறந்து காதால் கேளுங்கள், பெயரைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கார்ட்ரிட்ஜின் காப்பைப் பூட்டியே வையுங்கள். முழுப்பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், ஒலிகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.