பிளெண்டரில் குடத்துக்கு அலங்காரம்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

மட்டக்களப்பில் வைகாசிச் சடங்குக்குக் கும்பமும் மேடை அலங்காரமும் முதலில் கணினியில் செய்து பார்ப்பவர்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளே தாராளம். ஆனால் வளைந்த பரப்பில் தூரிகையால் நேரே வரையத் தொடங்க வேண்டாம். குடத்தை நெடுக்காகச் சம துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டை வரைந்தால் மற்றவை தானாக நிரம்பும்படி அமைப்பதுதான் திருத்தம் வரும்போது கைகொடுக்கும்.

குடத்து வயிற்றின் ஆரை 15 செ.மீ., கழுத்தின் ஆரை 6 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு முறையே 94.2, 37.7 செ.மீ. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு சுற்றிலும் 15 பூ போட்டால், வயிற்றில் 6.28 செ.மீ. அகலமான பூ கழுத்தில் 2.5 ஆக ஒடுங்கிவிடும். கழுத்தைத் தனிப் பட்டையாக்கி 6 பூ வையுங்கள், இரண்டும் ஒரே அளவில் நிற்கும். இடையிலுள்ள தோளுக்குத் தாமரை இதழ்தான் பொருத்தம், அது இயல்பிலேயே நுனி ஒடுங்கியது.

வயிற்றுக்கு 360-ஐ 15 ஆல் வகுத்தால் 24 பாகை. அந்த அகலத்தில் ஒரு துண்டு மட்டும் செய்து, நகல்களை அடுக்கும் அரே மொடிஃபையரில், 24 பாகை திருப்பிய எம்ப்டியை (உருவமில்லாத குறிப்புப் பொருள்) ஒப்ஜெக்ட் ஒஃப்செட்டாகக் கொடுத்து, ஓரங்களை ஒட்டும் மேர்ஜை இயக்குங்கள். துண்டின் ஒரிஜினும் (அதன் மையப் புள்ளி) எம்ப்டியும் குடத்தின் நடு அச்சிலேயே இருக்க வேண்டும். அதற்கு முன் கண்ட்ரோல்+ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை பண்ணாவிட்டால், ஒவ்வொரு நகலும் முந்தியதைவிடப் பெருத்தோ சிறுத்தோ போய், குடம் நத்தை ஓடாகச் சுருண்டுவிடும்.

பரப்பைத் தட்டையாக விரித்துக் காட்டும் யூவியில் ஒரு கட்டத்தை நேர்ச்சதுரமாக்கி ஃபொலோ அக்டிவ் குவாட்ஸ் கொடுத்தால் துண்டு முழுவதும் நேராகும். திரையின் இடப்பக்கம் படம் வரையும் இமேஜ் எடிட்டர், வலப்பக்கம் குடம். டைலிங் எக்ஸை இயக்கினால் வலது ஓரம் தாண்டும் கோடு இடது ஓரத்தால் உள்ளே வரும், ஒட்டு தெரியாது. கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளில் வரைபவர்கள் டபிள்யூ விசையால் இதே வசதியை இயக்கி வரைந்து சேமித்து, பிளெண்டரின் இமேஜ் எடிட்டரில் ஆல்ட்+ஆர் கொடுத்துப் படத்தைப் புதுப்பிக்கலாம். துண்டின் அகலத்துக்கு 2048 பிக்சல் போதும். சுற்றிவர அது 30,720 பிக்சலுக்குச் சமம்.

பூ வரையுமுன் மருதமுனைச் சாறனின் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். பூ இழுபட்டாலும் கண்ணுக்குப் படாது, கட்டம் உடனே காட்டிக்கொடுக்கும்.

பிளெண்டர் கோப்பைச் சேமித்தாலும் வரைந்த படம் அதோடு சேராது. இமேஜ் எடிட்டரில் ஆல்ட்+எஸ் தனியாக அழுத்த வேண்டும். கரண்ட் போகும் ஊரில் இதை மறக்கவே கூடாது.

இந்த முறையின் குறை, ஒரே இடத்தில் மட்டும் வர வேண்டிய மீன் சின்னம் 15 இடத்திலும் வந்துவிடும். அதைத் தனித் தகட்டில் வரைந்து, தகட்டை நன்றாகச் சப்டிவைட் செய்து (சிறு கட்டங்களாகப் பிரித்து), வளைவோடு படியவைக்கும் ஷ்ரிங்க்ராப் மொடிஃபையரால் குடத்தில் ஒட்டுங்கள். ஒஃப்செட் (இரண்டுக்கும் இடையிலான இடைவெளி) அரை மில்லிமீற்றராவது இருக்கட்டும். பூச்சியமாக விட்டால் இரு பரப்பும் ஒன்றோடொன்று மோதி மீன் திட்டுத்திட்டாக மினுங்கும்.