நிற்கும் குதிரையா, பாயும் குதிரையா? விக்டோரியா காலப் பந்தய ஓவியங்களில் எதை எடுக்கலாம்?

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒருவருடைய குதிரை பெரிய பந்தயத்தில் ஜெயித்துவிட்டால், கொஞ்ச நாளில் லாயத்துக்கு ஓவியர் வந்துவிடுவார். அப்படி வரைந்த எண்ணெய் ஓவியங்கள் இன்றும் ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டே வகை. ஜாக்கி மேலே உட்கார்ந்திருக்க, குதிரை பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் படம் ஒன்று. நாலு காலும் தரையில் படாமல் குதிரைகள் பாயும் படம் இன்னொன்று. ஒன்றைத்தான் மாட்ட முடியும் என்றால் நான் நிற்கிற குதிரையைத்தான் எடுப்பேன்.

பார்த்தவுடன் மனதை அள்ளுவது என்னவோ பாயும் குதிரைதான். முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே நீண்டு, வயிறு புல்லை உரசுகிற மாதிரி. விக்டோரியாவுக்கு முன்பே, 1821-ல், பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ வரைந்த எப்சம் டெர்பி பந்தயக் காட்சி (பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது) இந்த வகையின் உச்சம். ஆனால் எந்தக் குதிரையும் அப்படி ஓடியதில்லை. 1878-ல் கலிஃபோர்னியாவில் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்திப் படம் எடுத்தபோதுதான் அது தெளிவானது: நாலு காலும் காற்றில் இருக்கும் கணம் உண்மையிலேயே உண்டு, ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேர்ந்திருக்கின்றன. 1882-ல் அவரே லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அந்தப் படங்களைக் காட்டினார். அதற்கு முன் வரைந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வேகம் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. இருந்தாலும் விஷயம் தெரிந்தபிறகு, என் கண் ஒவ்வொரு முறையும் அந்தக் கால்களிலேயே போய்ச் சிக்கிக்கொள்கிறது.

நிற்கும் குதிரையில் இந்தச் சிக்கல் இல்லை. படத்துக்குக் காசு கொடுப்பவர், பயிற்சியாளர், தினமும் தேய்த்துவிடும் லாயக்காரப் பையன் என்று அந்தக் குதிரையை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர்கள்தான் முதலில் வந்து பார்ப்பார்கள். எந்தக் காலில் வெள்ளை, நெற்றிச் சுழி எங்கே, தோள் எவ்வளவு சாய்வு, எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். ஏமாற்ற வழியில்லாத படம் அது, அதனால்தான் எனக்கு அதன்மேல் இவ்வளவு மதிப்பு.

சரி, நிற்கும் குதிரை என்றால் யாருடையது? பெரிய பெயர் ஜான் ஃபிரெடெரிக் ஹெர்ரிங் (1795–1865). டான்காஸ்டரில் குடியேறிக் கோச்சு வண்டி ஓட்டியவர், அந்த ஊரில் நடக்கும் செயிண்ட் லெஜர் பந்தயத்தில் ஜெயித்த குதிரைகளை 30 ஆண்டுகளுக்கும் மேலாக வருடம் தவறாமல் வரைந்தார். தோல் பட்டு மாதிரி மின்னும், தூரிகைத் தடமே தெரியாது. ஹாரி ஹால் (1814–1882) பந்தயத்தின் தலைநகரான நியூமார்க்கெட்டில் வாழ்ந்தவர். ஹெர்ரிங்கின் மெருகு இவரிடம் குறைவு, ஆனால் விலா எலும்பின் மேல் தோல் இழுபடுவதும் பின்தொடையில் தசை பிரிவதும் இவரிடம்தான் நிஜமாக இருக்கும். ஹெர்ரிங் குதிரை கொஞ்சம் அலங்காரமாக நிற்கிறது. ஹால் குதிரையோ அப்போதுதான் ஓடி முடித்து மூச்சு வாங்குகிறது. என் ஓட்டு ஹாலுக்கு. அப்புறம், ஹெர்ரிங்கில் ஒரு குழப்பமும் உண்டு: மகனும் அதே பெயரில் குதிரைதான் வரைந்தார், அதனால் 1836 முதல் அப்பா கையெழுத்தோடு 'சீனியர்' என்று சேர்த்துப் போட ஆரம்பித்தார். வெறும் பெயரைப் பார்த்து அப்பா படம் என்று பணம் கட்டிவிடக் கூடாது.

பெயர் தெரியாத ஓவியர் வரைந்த படம் என்றாலும் பரவாயில்லை, ஜாக்கியைப் பாருங்கள். சட்டை, தொப்பியின் நிறங்கள் உரிமையாளருடையவை, 'ரேசிங் காலண்டர்' என்ற பந்தயப் பதிவேட்டின் பழைய தொகுதிகளில் அவை அச்சாகியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே குதிரையின் பெயர் வரை போய்விடலாம். உட்காரும் விதமும் பேசும். விக்டோரியா கால ஜாக்கி அங்கவடியை நீளமாக விட்டு நிமிர்ந்து உட்காருவார். குதிரையின் கழுத்தோடு ஒட்டிக் குனியும் முறையை 1897-ல் அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் வந்துதான் இங்கிலாந்தில் பரப்பினார். '1860' என்று சொல்லி விற்கிற படத்தில் ஜாக்கி அப்படிக் குனிந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விலை குறைவு என்று ஓலியோகிராஃபை, அதாவது எண்ணெய் ஓவியம் மாதிரியே தெரியும் அச்சுப் படத்தை, ஒதுக்கிவிடுவோரும் உண்டு. ரவிவர்மா படங்கள் வீடு வீடாகப் போன அதே முறைதான்: கல்லச்சில் வண்ணம் வண்ணமாக அச்சிட்டு, துணி மாதிரிப் புடைப்பு கொடுத்து, வார்னிஷ் பூசிவிடுவார்கள். பூதக்கண்ணாடி வைத்தால் புள்ளிகள் தெரியும். எண்ணெய் ஓவியம் என்று நினைத்து வாங்காதவரை அதில் தப்பில்லை.

அசல் ஓவியமே கிடைத்துவிட்டால், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கடிவாள வாரைப் பாருங்கள். ஓவியர் அந்த மெல்லிய கோட்டைக் கடைசியில்தான், காய்ந்த வண்ணத்தின் மேல் இழுப்பார். பின்னாளில் யாராவது வார்னிஷை அளவுக்கு மீறித் துடைத்திருந்தால் முதலில் போவது அதுதான். குதிரை அழகாக நிற்கும், ஜாக்கி இரண்டு கையையும் சரியாக மடக்கியிருப்பார், நடுவில் வார் மட்டும் கழுத்துப் பக்கம் வரும்போது காணாமல் போயிருக்கும்.