அந்த போட்டோவில் இருப்பது என் வீட்டு ஹால்

போன வாரம் கொளத்தூரில் இருக்கும் என் சித்தி பெண் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். "அக்கா, 2026ல இதான் டிரெண்டாம். எங்க பிளாட்டுக்குக் கொட்டேஷன் வாங்கியிருக்கோம், நல்லாயிருக்கா?" டிவிக்குப் பின்னால் வரிவரியாகப் பள்ளம் ஓடும் பேனல், மேலே மஞ்சள் வெளிச்சம், பக்கத்தில் மேகம் படர்ந்தது போல ஒரு பழுப்புச் சுவர். ஓரத்தில் சுவிட்ச் போர்டு. அதில் ஒரு சுவிட்ச் மட்டும் வேறு வெள்ளை. ஃபேன் சுவிட்ச் போனபோது என் வீட்டுக்காரர் கையில் கிடைத்ததை வாங்கி வந்து மாட்டியது அது. இன்டீரியர் வேலை முடிந்த பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அதனால் அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

அவளிடம் போனில் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், தரைத்தளம். மாமியார் காலத்து வீடு. சமையலறையில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டு, அதற்குத் துணி திரை. 2024 டிசம்பரில், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதோடு சேர்த்து இன்டீரியரும் செய்துவிடலாம் என்று கிளம்பினோம். அந்தக் கம்பெனியிலிருந்து கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் வந்தான். நல்ல மரியாதை, நல்ல பேச்சு. அமெரிக்காவில் பான்டோன் என்ற நிறுவனம் ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருஷத்துக்கான நிறத்தை அறிவிக்கும், 2025க்கு மோக்கா மூஸ் என்று ஒரு பழுப்பு, கிச்சன் முழுக்க அதில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்றான். பால் தூக்கலாக விட்ட காபி நிறம். அவன் சொன்னதில் பொய் இல்லை, அந்த அறிவிப்பு உண்மைதான். பொய் வேறு இடத்தில் இருந்தது.

கொட்டேஷனில் இருந்தவை எல்லாம் தோற்றத்தின் பெயர்கள். 'மோக்கா தீம் கிச்சன், பிரீமியம்.' 'ஃப்ளூட்டட் வால்', அதாவது அந்த வரிப்பள்ளப் பேனல். 'லைம்வாஷ் ஃபினிஷ்', அந்த மேகச் சுவர். எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர், எந்த கிரேடு, ஒரு வரி கிடையாது. கேட்டேன். "மெரைன் மேடம், 710" என்றான். தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை மெரைன் என்பார்கள், 710 அதற்கான தர எண். வாயால் சொன்னதோடு சரி. மொத்தம் 4,60,000. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும் மேடம், பில் இல்லாமல் போகலாம் என்றதற்கும் தலையாட்டினோம். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பொருள் இறங்கிய அன்று நான்கு பிளைவுட் ஷீட் வந்தது. ஒவ்வொன்றிலும் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 710 என்ற எண். தண்ணீரில் 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அந்த கிரேடுக்கான சோதனை. என் வீட்டுக்காரர் போட்டோகூட எடுத்து வைத்தார். 'மெட்டீரியல் இறங்கியதும்' என்று கணக்குச் சொல்லி அன்றே இரண்டரை லட்சம் வாங்கிக்கொண்டார்கள். அந்த நான்கு ஷீட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஃபிரேமுக்குப் போனது. மீதி எல்லாம் ஒரு மாதம் கழித்து, 'ஃபேக்டரி ஃபினிஷ்' என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஆறு பக்கமும் லேமினேட், ஓரமெல்லாம் எட்ஜ் பேண்ட் என்ற பட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு கீறல்கூட இல்லை.

ஹால் சுவர் ஒன்று குளியலறைக்குப் பின்புறம் வருவது. வருஷா வருஷம் ஓதம் ஏறி உப்பு பூக்கும். அதைச் சரிசெய்யணும் தம்பி என்றேன். "அதுக்குத்தான் மேடம் ஃப்ளூட்டட் பேனல், பிரச்சனையே கண்ணுல படாது." படவில்லை, உண்மைதான். தேக்கு வெனீர், அதாவது மெல்லிசாகச் சீவிய தேக்கு என்று வாயால் சொல்லியிருந்தான், ஒட்டியது பிளாஸ்டிக். ஒட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. வடசென்னையில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். கன்டெய்னர் லாரி போகிற ரோட்டுப் பக்கம் வீடு இருந்தால் அந்தப் பள்ளங்களில் கருப்புத் தூசு உட்காரும். துணி உள்ளே போகாது. காது குடையும் பஞ்சை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் துடைத்திருக்கிறேன்.

லைம்வாஷ் கதை தனி. லைம்வாஷ் என்றால் என்ன? சுண்ணாம்பு. போகிக்கு முன்னால் தொட்டியில் சுண்ணாம்பைத் தாளித்து, நீலம் கலந்து, மட்டையால் என் மாமனார் அடித்தாரே, அதேதான். இப்போது வெளிநாட்டு வீடுகளின் படத்தில் பார்த்து சதுர அடிக் கணக்கில் காசு வாங்குகிறார்கள். சரி, அதையாவது அடித்தார்களா? சுண்ணாம்பு பூச்சுக்குள் ஊறிப் பிடிக்கும் சரக்கு. பழைய எமல்ஷன் பெயின்டின் மேல் அப்படியே அடித்தால் நிற்காது, சுரண்டவேண்டும், இல்லையென்றால் அதற்கென்று உள்ள பிரைமர் வேண்டும். இவர்கள் சுரண்டவும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. சாதாரண எமல்ஷனில் தண்ணீர் கூட்டி ஸ்பாஞ்சால் தட்டிவிட்டுப் போனார்கள். காலி டப்பாவை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டுப் போனதால் எனக்குத் தெரிந்தது.

45 நாள் என்றது ஐந்து மாதம் ஆனது. முடிந்த அன்று விளக்கெல்லாம் போட்டு நிறைய போட்டோ எடுத்தார்கள்.

கார்த்திகை மழையில் எல்லாம் வெளியே வந்தது. முதலில் வாடை, ஈரச் சாக்கு நாற்றம், பேனல் பக்கத்திலிருந்து. அப்புறம் சிங்க் கீழே இருந்த பெட்டியின் அடிப்பலகை அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. கதவைச் சாத்த முடியவில்லை. போன் செய்தால் "சைட்ல இருக்கேன் மேடம்". பிறகு அதுவும் இல்லை.

வியாசர்பாடியிலிருந்து தெரிந்த கார்பென்டர் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் சுத்தியலே எடுக்கவில்லை. கதவைத் திறந்து, கீல் ஸ்குரூ இரண்டைக் கழற்றி, கீல் உட்காரும் அந்த வட்டக் குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பிளைவுட் என்றால் அந்தக் குழியின் சுவரில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரியுமாம். இதில் கோடே இல்லை. விரலை விட்டு நிமிண்டினார், ரஸ்க் தூள் மாதிரி உள்ளங்கையில் கொட்டியது. "இன்னாமா இது, பிளைவுட்டே இல்ல. பார்ட்டிகிள் போர்டு. தண்ணி பட்டா அவ்ளோதான்." மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. ஹால் பேனலில் இரண்டு பட்டையைப் பெயர்த்தார். பின்னால் சுவர் முழுக்கப் பச்சையும் கருப்பும். மேலே எரியாமல் போன விளக்குப் பட்டைக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டி எங்கே என்று தேடினால் அதுவும் பேனலுக்குள்ளே, கையே போகாத இடத்தில்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தோம். அப்புறம் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷத்துக்குள் செய்யவேண்டும். பில் இல்லாததால் வக்கீலிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இப்போது எங்கள் கையில் இருக்கும் சாட்சி. ரொக்கமாகக் கொடுத்த 90,000 ரூபாயை நிரூபிக்க ஒன்றும் இல்லை.

இன்டீரியர் செய்யப் போகிறவர்கள் டிசைன் படத்தை அப்புறம் பாருங்கள். முதலில் கொட்டேஷனில் ஒவ்வொரு பெட்டிக்கும் பலகையின் பெயர், ஐஎஸ் எண், கனம் எழுதி வாங்குங்கள். ஐஎஸ் 303 பிளைவுட் ஈரக் காற்றை மட்டும் தாங்கும் சாதாரண வகையாகவும் வரும், சிங்க் பக்கத்துக்கு 710 கேளுங்கள். முத்திரையில் சிஎம்எல் என்று ஓர் உரிம எண் இருக்கும், அதை ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடைய உரிமம் என்று வந்துவிடும். பெட்டியாக வந்தால், மாட்டுவதற்கு முன் கீல் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வேலை முடித்து ஒரு மழைக்காலம் தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள், போட்டோவை அல்ல. ஓதச் சுவரை மூடுகிறேன் என்று யார் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2026க்கு பான்டோன் அறிவித்த நிறம் கிளவுட் டான்சர். வெள்ளை! மாமனார் அடித்த சுண்ணாம்பு வெள்ளைதான், பெயர் மட்டும் புதுசு. என் மோக்கா கிச்சன் ஒரு வருஷத்தில் பழசாகிவிட்டது, உப்பிப்போனது தனிக்கணக்கு.

இப்போது சிங்க் கீழே மறுபடி கடப்பா கல் போட்டாகிவிட்டது. "முன்னாடி இருந்த கல்லு எங்கமா?" என்று கார்பென்டர் அண்ணன் கேட்டார். அதைப் பெயர்த்து எடுத்துப் போனதற்கு 'டெப்ரிஸ்', அதாவது இடிபாடு அள்ளும் கூலி என்று 6,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

சித்தி பெண் ஏற்கெனவே 25,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாள். நேற்று திருப்பிக் கேட்டாளாம். டிசைன் சார்ஜில் கழிந்துவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. டிசைன் என்று அவர்கள் அனுப்பியது ஒன்றே ஒன்று, என் வீட்டு ஹால் போட்டோ.