காலை வேளை: குளக்கட்டு நடையா, வீட்டுத்தோட்டமா?

வன்னியில் காலைப் பொழுதைப் பயனுள்ளதாக்க விரும்புவோருக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. இரணைமடு போன்ற குளங்களின் கட்டின் மீது நடப்பது எளிது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் எனப் பரிந்துரைக்கும் மிதமான உடலுழைப்பு, ஐந்து நாள் அரை மணி நேரம் விரைந்து நடந்தாலே நிறைவேறிவிடும். யானை நடமாடும் இடங்களில் நன்கு விடிந்த பின்னரே புறப்பட வேண்டும்.

ஆயினும் என் மனம் வீட்டுத்தோட்டத்தின் பக்கமே சாய்கிறது. கிணற்று நீரை அள்ளி ஊற்றி, கத்தரி இலையைப் புரட்டி அதன் அடியில் ஒட்டியுள்ள பூச்சி முட்டைகளைத் துடைத்து, ஈரம் காயாதபடி செடியைச் சுற்றிச் சருகு பரப்பும்போது உடலும் உழைக்கிறது, மனமும் ஒன்றில் நிலைக்கிறது. பிடுங்கிய கீரையில் ஒரு பிடி பக்கத்து வீட்டுக்கும் போகிறது. மூட்டுவலியால் குனிய முடியாத முதியவர்களுக்கு மட்டும் நடையே ஏற்றது.