சிங்கப்பூர் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள்

மலேசியாவில் இருக்கும் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மூன்று இரவு சொகுசுக் கப்பலில் போகலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு நிறுவனங்களின் கப்பல்கள் எங்கள் தேதிக்குப் பொருந்தின. ஒன்று பினாங்குக்கு, மற்றொன்று கோலாலம்பூருக்கு. சென்னையில் நாங்கள் அணுகிய பயண முகவர் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொன்னார். தலைக்கு நாலாயிரம் ரூபாய் குறைவு. "கப்பலை விட்டு இறங்கினால் பத்துமலைதான் சார், அம்மாவுக்கு அலைச்சலே இருக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான்கு பேருக்கும் முழுப் பணத்தையும் கட்டினேன்.

கோலாலம்பூரில் கடல் கிடையாது. கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து பத்துமலை சாலை வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், நகரத்தையும் தாண்டி வடக்கே இருக்கிறது. இது எனக்குத் தெரிய வந்தது கப்பலில் ஏறிய முதல் இரவு. கப்பலின் சுற்றுலா மேசையில் பத்துமலைக்குப் பேருந்து இருந்தது. அதற்குத் தனிக் கட்டணம், இடமும் நிரம்பிவிட்டது. "எல்லாம் சேர்த்துத்தான்" என்று முகவர் சொல்லியிருந்தார்.

மறுநாள் குடிநுழைவு வரிசையில் நின்று வெளியே வரும்போது மணி பதினொன்று. நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று கப்பலில் கொடுத்த தாளில் அச்சிட்டிருந்தது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் காத்திருப்பார்கள். சொந்தமாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. டாக்சிக்காரர் தமிழர். வாடகை கிடைக்கும் என்று பாராமல், "இன்றைக்கு நெரிசல் அதிகம், திரும்பி வர உறுதி சொல்ல முடியாது ஐயா" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாமப்பா, கப்பல் போய்விட்டால் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வோம்" என்றார். திரும்பிவிட்டோம்.

பினாங்குக் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. குயின் வீதி மகாமாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். பத்துமலை இந்தப் பயணத்தில் சரிப்படாது என்று முகவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அதையே எடுத்திருப்போம். அவர் ஏன் சொல்லவில்லை என்பது ஊர் திரும்பித் தொலைபேசியில் சண்டை போட்டபோது அவர் வாயிலிருந்தே வந்தது: கோலாலம்பூர்க் கப்பலில் மொத்தமாக அறைகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாராம்.

அறையிலும் ஏமாற்றம்தான். கடல் தெரியும் அறை என்று பணம் வாங்கினார். சன்னல் இருந்தது, ஆனால் கண்ணாடி முழுக்க ஓர் உயிர்காப்புப் படகின் ஆரஞ்சு நிற வயிறு. மேலே ஒரு சாண் அளவுக்குத்தான் வானம். பார்வை மறைக்கும் அறை என்று நிறுவனத்தின் முன்பதிவில் தெளிவாகப் போட்டிருக்கிறது. முகவர் எங்களுக்குக் கொடுத்தது தன் கடைத் தாளில் தானே அடித்த ரசீதை. கடைசி நாள் கணக்குச் சீட்டில் சேவைக் கட்டணம் வேறு, தலைக்கு ஒவ்வோர் இரவுக்கும். நான்கு பேருக்கு மூன்று இரவு, பன்னிரண்டு பங்கு. ஏறத்தாழ பதினெட்டாயிரம் ரூபாய்.

எந்த நிறுவனம் நல்லது என்று ஒப்பிடுகிறவர்கள் நீச்சல் குளத்தையும் சாப்பாட்டையும் பிறகு பாருங்கள். எந்தத் துறைமுகம், அங்கே எத்தனை மணி நேரம் நிற்கும், துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் விலையில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணை வாங்கி, அவர்கள் இணையதளத்தில் அறையின் வகையை நீங்களே பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகைதானா என்றும் பாருங்கள். கப்பலில் திரும்பி வருவதும் புதிய நுழைவுதான்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால் அடுத்து அங்கே போகிறேன். பத்துமலை உண்டியலுக்கென்று அம்மா மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப் போன காணிக்கை, பிரிக்கப்படாமல் எங்கள் பூஜை அறையில் இருக்கிறது.