தி ஆபிஸா, கேம் ஆஃப் த்ரோன்ஸா?

இந்த இரண்டு ஆங்கில டிவி தொடர்களில் எதை முதலில் பார்க்கத் தொடங்கட்டும் என்று தங்கச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்தக் கிழமை இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததில் பட்டது இது.

நேரம்: தி ஆபிஸ் (அமெரிக்க வடிவம்) பெரும்பாலும் 22 நிமிடம், கொழும்பு புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் வெள்ளவத்தை வருவதற்குள் ஒன்று முடியும். த்ரோன்ஸுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

மொத்தம்: ஆபிஸ் 201 எபிசோட், த்ரோன்ஸ் 73.

இடையில் விட்டால்: ஆபிஸை எங்கே தொடங்கினாலும் விளங்கும். த்ரோன்ஸில் ஒன்றைத் தவறவிட்டால் யார் எந்தக் குடும்பம் என்றே பிடிபடாது.

மனதில் நிற்பது: ஆபிஸின் 'டின்னர் பார்ட்டி' எபிசோடில் மேனேஜர் மைக்கேல் தன் சின்னஞ்சிறு டிவியைக் காட்டிப் பெருமைப்படும் இடத்தில் சிரித்துக்கொண்டே அவனுக்காக மனம் கலங்கியது. த்ரோன்ஸ் முதல் எபிசோடில், செத்துக்கிடக்கும் தாய் ஓநாயின் அருகே அந்தக் குட்டிகள்! அந்தக் காட்சிக்காகவே திரும்பப் பார்த்தேன்.

வேலை முடிந்து களைத்து வருகிற நாளுக்கு ஆபிஸ்தான். போயா லீவும் தனி அறையும் கிடைத்தால் த்ரோன்ஸ், ஆனால் அம்மா ஹாலில் இருக்கும்போது மட்டும் போடாதே.